மற்றப் பொட்டலத்தில் என்ன பூ

என் மனைவியின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் சற்றே புடைத்திருக்கிறது என்ற செய்தி தற்செயலாகத்தான் வந்தது. தலைவலிக்காக ஸ்கேன் எடுத்தோம். தலைவலிக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. அலுவலகத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டா கேட்டு மனு போட்டவருக்குச் சாதிச் சான்றிதழ் வந்து சேரும்.

கடலூரில் பார்த்த நரம்பு மருத்துவர், அதைத் தொட வேண்டாம், வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். புதுச்சேரியில் பார்த்தவர், இப்போதே சரிசெய்துவிடுவது நல்லது, வெடித்துவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது என்றார். அறுவை சிகிச்சையிலும் ஆபத்து உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைக் கடலூர்க்காரரும் மறைக்கவில்லை. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். இரண்டு பேரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "முடிவு உங்க கையிலதான்."

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் எழுத்துமூலமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. அது எவ்வளவு கொடூரமான வாக்கியம் என்று எங்கள் நடைமுறை நூல் எதிலும் குறிப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் நான் இறங்கினேன். இரு அலுவலர்களின் அறிக்கைகள் முரண்பட்டால் மூன்றாவது அலுவலரின் கருத்தைக் கேட்க வேண்டும். சென்னைக்குப் போனோம். மூன்றாமவர், இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்றார். நான்காவதாக ஒருவருக்குப் படங்களைக் கணினி வழியே அனுப்பினேன். ஐந்தாவதாக ஒருவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என் தலையிலயும் ஒரு ஃபைல் தொறந்துட்டீங்க. இது என்னிக்கு முடியும்?"

"அவசரப்பட்டு முடிவு எடுக்கக் கூடாது."

"அவசரப்பட்டா? நீங்க அவசரப்பட்டு நான் ஒரு நாளும் பார்க்கல. நம்ம கல்யாணத்துக்கே உங்கப்பாதான் அவசரப்பட்டாரு."

அந்த வாரம் சிதம்பரத்தில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்குப் போனோம். என் மச்சான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். அவன் மனைவி பெங்களூருக்கு மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவன் தயிர்சாதத்தில் காலம் தள்ளுவதாக அக்காவுக்குத் தகவல் வந்தது. தலையில் வெடிகுண்டு இருந்தாலும் தம்பி தயிர்சாதம் சாப்பிடுவதைப் பொறுக்கமாட்டாள். பேருந்தில் சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி தாண்டும் வரை ஜன்னலை மூடிவைத்திருந்தோம். மூடும்போது அவள் தும்மினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு ஆலப்பாக்கம் வரை சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டில் மச்சானிடம் விஷயத்தை எடுத்து வைத்தேன். இரண்டு டாக்டர்களில் யார் சொல்வது சரி, அவன் அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன்.

"ரெண்டும் நடக்கும் மாமா" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"எப்படி நடக்கும்?"

"ஆபரேஷன் பண்ற உலகம் ஒண்ணு, பண்ணாத உலகம் ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் நீங்க இருப்பீங்க, அக்கா இருக்கும்."

"பென்ஷன் எந்த உலகத்துல வரும்?"

"ரெண்டுலயும்தான்."

"ரெட்டைப் பட்டுவாடா. தணிக்கையில மாட்டும்."

"அங்க ஒரு தணிக்கையும் தனியா இருக்கும் மாமா. அதெல்லாம் சேர்த்துத்தான் உலகம்."

என் மனைவி ரசக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "ரெண்டு பேரும் இந்த உலகத்துல கொஞ்சம் ரசம் ஊத்திக்கறீங்களா?" என்றாள்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிய கணக்கு, இதுதான் நடக்கும் என்று சொல்வதில்லை. இது நடக்கலாம், அதுவும் நடக்கலாம் என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால் நாம் போய்ப் பார்த்தால் ஏதோ ஒன்றுதான் நடந்திருக்கிறது. மற்றது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அதுவும் நடந்துவிட்டது, அதைப் பார்க்கிற நாம் வேறொரு கிளையில் இருக்கிறோம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். இதல்லாமல் வேறு வகைப் பல உலகங்களும் உண்டாம். பிரபஞ்சம் கொதிக்கிற கஞ்சிபோல் பொங்கும்போது குமிழி குமிழியாகத் தோன்றிய உலகங்கள் அவை. நாம் இருப்பது ஒரு குமிழிக்குள். இவ்வளவுதான் நான் பிடித்துக்கொண்டது.

"சரி, நிரூபிக்க முடியுமா?" என்றேன். எந்த மனுவுக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி அது.

"அதான் மாமா சிக்கல். குமிழி வகையில, நம்ம குமிழியும் பக்கத்துக் குமிழியும் எப்பவோ இடிச்சிருந்தா, பிரபஞ்சம் பொறந்தப்பலேந்து வானத்துல இருக்கற பழைய வெளிச்சத்துல ஒரு தழும்பு இருக்கணும். தேடிப் பார்த்தாங்க. நிச்சயமா இதுதான்னு சொல்றாப்ல ஒண்ணும் கிடைக்கல. கிளை வகையில அதுவும் இல்ல. கிளை உண்டுன்னு சொல்றவனும் இல்லன்னு சொல்றவனும் ஒரே கணக்கத்தான் போடறான், ஒரே விடைதான் வருது. இன்னிக்கி இருக்கற எந்தச் சோதனையும் யாரு சரின்னு சொல்லாது."

"அப்ப நம்பிக்கைன்னு சொல்லு."

"நம்பிக்கை இல்ல மாமா. கணக்க அப்படியே எடுத்துக்கிட்டா அங்கதான் கொண்டுபோய் விடுது. நடுவுல நிறுத்தறதுக்குத்தான் தனியா ஒரு விதி எழுதணும்."

இந்த இடத்தில் அவன் என்னைப் பிடித்துவிட்டான். தேவையில்லாமல் தனி விதி எழுதுவதன் கேடுகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த அடிப்படையில் வாரிசுச் சான்று கேட்டு வந்தவர்களை விசாரித்திருக்கிறேன். உன் இன்னொரு உலகத்திலிருந்து எந்தக் காலத்திலும் தகவல் இல்லையே, அதற்கு எந்தப் பிரிவில் உயிர் கொடுப்பது என்றேன்.

"இறந்துட்டாருன்னு சான்று குடுத்தப்புறம் ஒருத்தரும் திரும்பி வரலியா மாமா?"

வந்திருக்கிறார். திருப்பதியிலிருந்து மொட்டையுடன் வந்து, தன் வாரிசுகளின் பெயரில் மாறியிருந்த நிலத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவி சொன்னாள், "நான் நாளைக்குப் பூப் போட்டுப் பார்க்கப் போறேன்."

மச்சான் வீட்டுத் தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பது, மனை வாங்குவது, முந்திரித் தோப்பில் ஆழ்துளைக் கிணறு போடுவது எல்லாம் பூப் போட்டுப் பார்த்த பிறகுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விஷயம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"மூளை சம்பந்தப்பட்ட விஷயத்தை அரளிப் பூவை வச்சா முடிவு பண்றது?" என்றேன்.

"நாலு டாக்டர வச்சு நீங்க முடிவு பண்ணீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் தும்முனா இவரு பேப்பரக் கீழ வச்சுட்டு என்னையே பாக்கறாருடா தம்பி. குளியலறைல சொம்பு விழுந்தா ஓடியாறாரு. கோலம் போடறப்ப வாசல்ல வந்து நிக்கறாரு. வெடிச்சா வெடிக்கட்டும்னு இருந்துடலாம். இவரு பாக்கறாரு பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

அதன் பிறகு நானும் மச்சானும் இந்த உலகத்தில் கிடைத்த அப்பளத்தைச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அவளே பூ வாங்கினாள். வெள்ளை அரளி, செவ்வரளி. வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டினாள். கட்டும்போது நான் அருகில் இல்லை. காபி வாங்கப் போயிருந்தேன். இது ஒரு குறைபாடு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். கோயிலில் இன்னொரு குறைபாடு. பள்ளிக்கூட நாளாக இருந்ததால் குழந்தை எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அர்ச்சகரே எடுப்பதாக ஏற்றுக்கொண்டார். என்ன விஷயம் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

என் மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதியின்மேல்தான் சந்தேகம் வந்தது. மற்றப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, கோயில் மரத்தடியில் போட்டுவிட்டு வரச் சொன்னாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சாமி சொல்லாததை நாம் கேட்கக் கூடாது.

நான் மரத்தடிக்குப் போனேன். போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

காரணம் உண்டு. தேர்தலில் இருவருக்கும் சம வாக்கு வந்தால் சீட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த சீட்டைப் படித்தால் மட்டும் வேலை முடியாது. எடுக்காத சீட்டையும் பிரித்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். விதியில் அப்படி இருக்கிறதோ இல்லையோ, அனுபவத்தில் இருக்கிறது. அண்ணாகிராமம் பக்கத்தில் ஓர் ஊரில் ஏரி மீன் குத்தகைக்குச் சீட்டுப் போட்டபோது, எடுக்காத சீட்டை ஒரு பெரியவர் வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார். இரண்டு சீட்டிலும் அவர் மருமகன் பெயர்தான் இருந்தது என்று ஊரே சொன்னது. எங்களிடம் இருந்த ஒரே சாட்சியம் அவர் விட்ட ஏப்பம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தான்.

"மாமா, அக்கா பார்த்தா தொலைச்சிடும்."

"ரெண்டுலயும் வெள்ளையக் கட்டியிருப்பா. அவ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டா. என் கையெழுத்துக்காகச் சாமி வழியா அனுப்பி வச்சிருக்கா."

"இருக்கட்டுமே. அதனால என்னா?"

"என்னாவா? அவ முடிவு பண்ணியிருந்தா எனக்குப் பயம் இல்ல. நிஜமாவே குலுக்கல் நடந்திருந்தாத்தான் பயம்."

நான் சொன்னது எனக்கே அப்போதுதான் கேட்டது. இரண்டிலும் வெள்ளை இருந்தால், இது ஒரு பெண் தன் உயிரைப் பற்றி யோசித்து எடுத்த முடிவு. அதற்கு எதிராக எனக்கு ஒன்றுமில்லை. இதில் சிவப்பு இருந்தால், அர்ச்சகரின் கை சாண் அளவு தள்ளிப் போயிருந்தால், என்ற கேள்வி பிறக்கும். அப்படிப் போன கை ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்கிறான் இவன்.

"அப்படி யோசிக்காதீங்க மாமா. அர்ச்சகர் கை எந்தப் பக்கம் போவுதுன்றது அணுவோட சமாச்சாரம் இல்ல. அவரு வலது கையால எடுத்தாரு, வலது பக்கம் இருந்தது வந்துது. அதுக்கெல்லாம் உலகம் பிரியுதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

"நேத்து ரெண்டும் நடக்கும்னியே?"

"நேத்து நீங்க வம்புக்குக் கேட்டீங்க. நானும் சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன்."

"இங்க பாரு. உன் இன்னொரு உலகத்த யாராலயும் தொறந்து பாக்க முடியாது. இத முடியும். வாழ்க்கைல ஒரு தடவையாவது, நடக்காதது என்னான்னு சாட்சியத்தோட பாக்கலாம்."

"தொறந்தா, கட்டுனப்போ அக்கா என்னா பூ வச்சுதுன்னுதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அவன் சொன்னது முற்றிலும் சரி. நான் நாரை அறுத்தேன்.

செவ்வரளி. கொஞ்சம் வாடியிருந்தது.

என் மனைவி ஒரு மோசடியும் செய்யவில்லை. தன் தலையை நிஜமாகவே அந்த அர்ச்சகரின் கையில் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறாள். நான் பக்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவள் முருங்கைக்கீரையுடன் வெளியே வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"பிரிச்சிட்டீங்களா? தெரியும். மரத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னீங்க."

"செகப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றேன்.

அவள் உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினாள். "கீழவீதில ஒரு பிள்ளையார் இருக்காரு. அங்க போட்டுப் பார்த்திருப்பேன்."

"அங்கயும் செகப்பு வந்திருந்தா?"

"இந்த ஊர்ல கோயிலுக்கா பஞ்சம்?"

மச்சான் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. "மாமா, எல்லா உலகத்துலயும் ஆபரேஷன்தான். எழுதிக்குங்க" என்றான்.

"அப்ப எதுக்குடி பூ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பயமா இருக்காதா?" என்றாள். கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

அடுத்த வாரமே புதுச்சேரியில் சேர்த்தோம். ஒப்புதல் படிவத்தை முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே நீளமான ஒரு கூடம், இரும்பு நாற்காலிகள். எனக்கு அடுத்த நாற்காலியில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர். வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவு. தோளில் துண்டு, கையில் ஸ்கேன் உறை. அவர் மனைவிக்கும் அதே புடைப்பு. ஆனால் அவர்கள் யாரும் தலைவலிக்காக ஸ்கேன் எடுக்கவில்லை. களத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வெடித்த பிறகு கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது சார்" என்றார் அவர். பொறாமையாகச் சொல்லவில்லை. விவரம் கேட்கிற குரல்தான். "எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் பண்ணியிருப்போமா? பண்ணியிருப்போம்னு தோணுது. தோப்பு வேல முடியட்டும்னு தள்ளிப்போட்டிருப்போம்னும் தோணுது. எதுன்னு சொல்ல முடியல."

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு விதி எண் இருக்கும். இதற்கு இல்லை. மச்சானின் கணக்குக்கும் இது எட்டாது என்று தோன்றியது. சோதித்துப் பார்க்க முடியாதது என்று அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னபோது அது சுவாரசியமாக இருந்தது. இங்கே ஒரு மனிதர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார் மருத்துவர். மறுநாள் அவள் கண் விழித்து, என்னை அடையாளம் கண்டு, சட்டையை மாற்றவில்லையா என்று கேட்டாள். அதற்கு மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். குறிஞ்சிப்பாடி அம்மாளை மாற்றவில்லை. அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவர் கணவர் அதே இரும்பு நாற்காலியில்தான் இருந்தார். என் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போகக் கூச்சமாக இருந்ததால், லிஃப்டுக்குச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன்.

மச்சான் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்தான். என் மனைவி கொஞ்சம் குடித்துவிட்டு, "கூடத்துல பக்கத்துல ஒருத்தர் இருந்தாருன்னீங்களே, அவரு சாப்பிட்டாரா?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா போய்ப் பாருங்க. இங்க நின்னு நான் தும்மறனான்னு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க."

ஃபிளாஸ்க்கையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். இந்தமுறை சுற்றுவழியில் போகவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க வூட்ல எப்பிடி இருக்காங்க சார்?"

சொல்லலாமா என்று யோசித்தேன். மறைப்பது அவரை அவமதிப்பதாகும் என்று பட்டது. "எழுந்து உக்காந்துட்டாங்க. உங்களுக்குக் கஞ்சி குடுக்கச் சொன்னாங்க."

"சொன்னாங்களா?" டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நிதானமாகக் குடித்தார். உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்தார்.

"பாக்க விடற நேரம் ஆவப் போவுது. டாக்டரம்மா வந்து என்னமோ சொல்றாங்க, பாதி இங்கிலீசு. தலைய ஆட்டிட்டு வந்துடறேன். வெளில வந்தப்புறம்தான் கேக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வருது." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஆபீஸ்ல இருந்தவர்னீங்க. கூட வர்றீங்களா?"

நோயாளி ஒருவருக்கு உறவினர் ஒருவர் மட்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. படித்தேன்.

"வாங்க, போவலாம்" என்று எழுந்தேன்.